ஆண்டிப்பட்டியா, வாடிப்பட்டியா? சைக்கிள் பயணத்துக்கு ஹாம் ரேடியோ இனி வேண்டுமா?

தெப்பக்குளம் டைனமோ
திங்கள், இரவு 9:40

நேற்றைய பயணத்தைப் பற்றி ஆளுக்கொரு கதை ஓடிக்கொண்டிருக்கிறது. ஏற்பாட்டில் இருந்தவன் என்பதால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். அப்புறம் நீங்களே சொல்லுங்கள்.

தெரியாதவர்களுக்கு: பெரிய சுற்று மதுரையில் கிளம்பி செக்கானூரணி, உசிலம்பட்டி, ஆண்டிப்பட்டி, தேனி, பெரியகுளம், தேவதானப்பட்டி, வத்தலக்குண்டு, நிலக்கோட்டை, கொடை ரோடு, வாடிப்பட்டி வழியாகத் திரும்ப மதுரை. ஏறக்குறைய 185 கி.மீ. காலை 4:30 கிளப்பல். சின்னச் சுற்று வாடிப்பட்டி வரை போய்த் திரும்புவது. பள்ளிப் பிள்ளைகள், அப்பாக்கள், முதல் தடவை வருகிறவர்கள். அது 6:30க்கு. பெரிய சுற்றுக்கு 1 முதல் 70 வரை எண். சின்னச் சுற்றுக்கு 71 முதல். இந்த எண் விவகாரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

இந்த வருடம் முதல் தடவையாக ஹாம் ரேடியோ நண்பர்கள், அதாவது லைசென்ஸ் வாங்கிப் பொழுதுபோக்காகச் சொந்த ரேடியோ செட்டில் பேசுகிறவர்கள், உதவிக்கு வந்தார்கள். ஏழு பேர். காசு எதுவும் வாங்கவில்லை, பெட்ரோலுக்குக் கூட. ஐந்து பேர் வழியில் முக்கியமான இடங்களில். ஒருவர் நாகமலைப் பக்கம் ஒரு மொட்டைமாடியில் எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொள்கிறவர். இன்னொருவர் கொடைக்கானல் மலைப்பாதையில் காரோடு நின்று, இந்தப் பக்கம் கேட்காததை அந்தப் பக்கம் சொல்கிறவர்.

காலை 8:10. ஆண்டிப்பட்டிக் கணவாய் இறக்கத்தில் எண் 67 விழுந்தார். டீரெய்லரை (பின்னால் கியர் மாற்றும் கருவி) தாங்கும் ஹேங்கர் ஒடிந்து, அது பின் சக்கரக் கம்பியில் மாட்டிவிட்டது. முழங்கால் சிராய்ப்பு, வண்டி இனி ஓடாது. பக்கத்தில் ஹாம் தம்பி இருந்தான், உடனே ரேடியோவில் சொன்னான். மதுரையில் தாளில் ஏறியது என்ன தெரியுமா? "வாடிப்பட்டி. எண் 77. விழுந்துவிட்டார். வண்டி தேவை."

செக்கானூரணியில் நின்ற எங்கள் குட்டி யானை வாடிப்பட்டிக்கு விரட்டிக்கொண்டு போனது. 77 ஒரு ஒன்பதாம் வகுப்புப் பையன். அவன் அப்பாவுக்கு நான்தான் போன் செய்தேன். அவர் பதறியது இன்னும் காதில் இருக்கிறது. பையன் வாடிப்பட்டியில் உளுந்த வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தான். 67 கணவாயில் புளியமரத்தடியில் 10 மணி வரை உட்கார்ந்திருந்தார்.

இன்று மாலை கூட்டத்தில் பாதிப் பேர் "அடுத்த வருடம் ரேடியோவே வேண்டாம்" என்கிறார்கள். எனக்கு முடிவு சொல்லத் தெரியவில்லை. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஒருவரை ரோட்டோரம் உட்கார வைத்ததும் உண்மை, அதற்கு முந்தைய வருடம் ரேடியோ இல்லாமல் பட்ட பாடும் உண்மை.

நாலு பார் சிக்னல்
திங்கள், இரவு 10:05

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? 67 கையில் போன் இருந்ததா இல்லையா? ஒரு போன், ஒரு லொகேஷன், ஐந்து நிமிடம். கம்பி கட்டி, கொம்பு நட்டு, "ஓவர் ஓவர்" என்று கத்தி, கடைசியில் வேறு ஊருக்கு வண்டி. ரேடியோ பொழுதுபோக்காக இருக்கட்டும், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவர்கள் விளையாட நம் பயணம்தானா கிடைத்தது?

பழைய ராலே
திங்கள், இரவு 10:31

தம்பி, போன வருடம் நீங்கள் இல்லை. தேவதானப்பட்டி தாண்டி ஒருத்தர் மயக்கம் போட்டு விழுந்தார். வழியில் போன ஆறு பேர் ஆறு பேருக்குப் போன் போட்டார்கள். 108க்கு இரண்டு பேர் அடித்து, ஒருவர் காட்ரோடு என்றார், இன்னொருவர் கொடை ரோடு என்றார். வெளியூர்க்காரருக்கு இரண்டும் ஒன்றுதான். நமக்குத் தெரியும், ஒன்று மலை ஏறும் முக்கு, இன்னொன்று ரயில் நிலையம், நடுவில் வத்தலக்குண்டும் நிலக்கோட்டையும் இருக்கிறது. நான் ஏற்பாட்டாளருக்கு அடித்தால் பிஸி, பிஸி, பிஸி. வாட்ஸ்அப்பில் "அவரை ஏற்றியாச்சு" என்ற செய்தி வந்து, அதற்கு அப்புறம் இருபது நிமிடம் கழித்து "யாராவது வாங்க" என்ற பழைய செய்தி வந்தது. அதைப் பார்த்து மறுபடி ஒரு வண்டி கிளம்பியது.

போன் தப்பு பண்ணாது என்று யார் சொன்னது?

மொட்டைமாடி ஆண்டெனா
செவ்வாய், காலை 6:15

நேற்று முன்தினம் மொட்டைமாடியில் மைக்கைப் பிடித்திருந்தது நான்தான். தாளில் "வாடிப்பட்டி, 77" என்று எழுதிய கையும் என்னுடையதுதான். 67ஆம் எண் டீச்சரிடம் போனில் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். 77இன் அப்பாவிடமும் பேசினேன். அவர் பேசியதை இங்கே எழுத முடியாது. அவர் கோபம் நியாயமானது.

எப்படி நடந்தது என்று சொல்கிறேன். சாக்குச் சொல்வதற்காக இல்லை.

கையில் பிடிக்கும் செட்டில் ஓரத்தில் ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால்தான் நம் குரல் போகும். ஆனால் அழுத்திய நொடியே போகாது. செட் அனுப்பும் நிலைக்கு மாற வேண்டும், எதிர் முனையில் சத்தத்தை அடைத்து வைத்திருக்கும் ஸ்கெல்ச் திறக்க வேண்டும். அரை நொடி பிடிக்கும். அதனால் அழுத்தி, ஒரு மூச்சு விட்டு, அப்புறம் பேசு என்பது ஹாமுக்கு முதல் பாடம். பதற்றத்தில் எல்லோரும் மறப்பதும் அதைத்தான். அழுத்தும்போதே பேசினால் முதல் எழுத்து போய்விடும்.

இப்போது "ஆண்டிப்பட்டி"யில் முதல் எழுத்துகளை வெட்டிப் பாருங்கள். "டிப்பட்டி". "வாடிப்பட்டி"யை வெட்டுங்கள். அதுவும் "டிப்பட்டி".

அடுத்தது எண். "அறுபத்தேழு", "எழுபத்தேழு". முதல் எழுத்து போனால் "றுபத்தேழு", "ழுபத்தேழு". கரகரப்புக்கு நடுவில் இதைப் பிரித்துச் சொல்கிறவருக்கு நான் ஜிகர்தண்டா வாங்கித் தருகிறேன்.

ஒரு தவறு மட்டும் நடந்திருந்தால் பிடித்திருப்பேன். "வாடிப்பட்டி, 67" என்று வந்திருந்தால், பெரிய சுற்று ஆள் இந்த நேரத்தில் வாடிப்பட்டியில் எப்படி என்று கேட்டிருப்பேன். "ஆண்டிப்பட்டி, 77" என்று வந்திருந்தாலும் அப்படியே. ஊரும் தப்பு, எண்ணும் தப்பு, இரண்டு தப்பும் ஒன்றுக்கொன்று பொருத்தமாக வந்து உட்கார்ந்துவிட்டது. 71க்கு மேல் சின்னச் சுற்று, சின்னச் சுற்று என்றால் வாடிப்பட்டி. கணக்கு சரியாக இருந்தது. அதனால் சந்தேகமே வரவில்லை.

வாடிப்பட்டி நிலையத்தைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. அங்கே பெரிய பிரச்சினை என்று நினைத்தேன். அவர் வாழைப்பழம் தீர்ந்துவிட்டது என்று வாங்கப் போயிருந்தார்.

நான் செய்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்று. "ஊர்ப் பெயரைத் திருப்பிச் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்க வேண்டும். இருபத்தைந்து வருடமாக மற்றவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்துவிட்டு அன்றைக்கு நானே கேட்கவில்லை.

மலைப்பாதை வளைவு
செவ்வாய், காலை 7:50

ஓஎம் (ஓல்ட் மேன், ஹாம்கள் ஒருவரை ஒருவர் கூப்பிடுவது, இங்கே மொட்டைமாடிக்காரர்) எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொள்கிறார். எனக்கும் பங்கு உண்டு. டம் டம் பாறைக்கு மேலே காரில் இருந்தது நான். கணவாயில் இருந்த தம்பியின் கை செட் மதுரைக்கு நேரடியாகக் கேட்காது, நடுவில் மலை. அவன் சொல்வதை நான் வாங்கி மதுரைக்குச் சொல்ல வேண்டும். மனித ரிப்பீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கேட்டது "டிப்பட்டி". "வா" போட்டவன் நான். ஏன் போட்டேன்? அதற்கு இரண்டு நிமிடம் முன்னால்தான் வாடிப்பட்டி நண்பர் பழம் தீர்ந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தார். காதில் அந்த ஊர்தான் நின்றது. கேட்காத எழுத்தை மூளை தானாகவே நிரப்பிவிட்டது. மெஷின் ரிப்பீட்டராக இருந்தால் "டிப்பட்டி" என்றே மதுரைக்கு அனுப்பியிருக்கும். ஓஎம் "எந்தப் பட்டி?" என்று கேட்டிருப்பார்.

தம்பி கடைசியில் அழைப்புக் குறி (லைசென்ஸோடு ஒவ்வொரு ஹாமுக்கும் வரும் தனிப் பெயர்) சொன்னான், அதைக் கேட்டிருந்தால் யார் என்று தெரிந்திருக்கும். அந்த நேரம் பார்த்து ஒரு குரங்கு காரின் கூரையில் ஏறி ஆண்டெனாவைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. காந்தத்தில் நிற்கும் ஆண்டெனா, அதோடு சாய்ந்துவிட்டது. சிரிக்காதீர்கள். அங்கே சுற்றுலாக்காரர்கள் பொரி போட்டுப் பழக்கிவைத்திருக்கிறார்கள். கையில் எது இருந்தாலும் தின்கிற பொருள் என்று நினைக்கும். 50 சென்டிமீட்டர் கம்பியைக் கூட.

நாலு பார் சிக்னல்
செவ்வாய், காலை 9:10

பாருங்கள், நீங்களே சொல்கிறீர்கள். ஒருவர் பேசினார், ஒருவர் கேட்டார், ஒருவர் எழுதினார், குரங்கு ஆட்டியது. நாலு கை மாறினால் இப்படித்தான். 67 எனக்கு ஒரு போன் போட்டிருந்தால்?

புளியமரத்தடி 67
செவ்வாய், மதியம் 1:20

நான்தான் அந்த 67. பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு நேரம், அதனால் சுருக்கமாக எழுத நினைத்தேன், முடியவில்லை.

போன் போட்டேனா என்று கேட்கிறவருக்கு: போட்டேன். விழுந்ததில் திரை நொறுங்கி, ஒரு பக்கம் மட்டும் தொட்டால் வேலை செய்தது. சிக்னல் ஒரு கோடு வரும், போகும். ஏற்பாட்டாளர் எண் பிஸி. அவர் அப்போது 77இன் அப்பாவுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார் என்று இப்போதுதான் புரிகிறது.

நான் விழுந்தது வளைவு முடிந்த இடம். முதலில் கால் வலி தெரியவில்லை. சைக்கிளைத்தான் பார்த்தேன். டீரெய்லர் சக்கரத்துக்குள் சுருண்டு, செயின் முறுக்கிய கயிறு மாதிரி கிடந்தது. அந்தத் தம்பி ஓடி வந்தான். இரண்டாம் வருடம் படிக்கிற பையன், லைசென்ஸ் வந்து மூன்று மாதம் ஆகிறதாம். கை நடுங்கியது. பொத்தானை அழுத்திக்கொண்டே பேசினான், அது உண்மை. பேசி முடித்ததும் "அக்கா, சொல்லிட்டேன், வண்டி வந்துரும்" என்றான். பேக்கில் இருந்த தண்ணீரை ஊற்றி முழங்காலைக் கழுவினான். எனக்கு அப்போது அவன் பேசியது போதுமானதாக இருந்தது.

அரை மணி நேரம் ஆகியும் வண்டி வரவில்லை. மறுபடி கூப்பிட்டான், பதில் வரவில்லை.

மலைப்பாதை வளைவு
செவ்வாய், மதியம் 1:34

குறுக்கே வருவதற்கு மன்னிக்கணும் டீச்சர். அப்போது நான் காருக்கு வெளியே ஆண்டெனாவைத் தேடிக்கொண்டிருந்தேன். அது சரிவில் உருண்டு ஒரு புதரில் கிடந்தது.

புளியமரத்தடி 67
செவ்வாய், மதியம் 1:52

பரவாயில்லை சார். மீதியையும் சொல்லிவிடுகிறேன். தம்பி பையிலிருந்து ஒரு தட்டை ஒயரை எடுத்தான். பழைய டிவி ஆண்டெனாவிலிருந்து வீட்டுக்குள் வருமே, அந்த ஒயர். ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதன் ஒரு முனையில் தூண்டில் நரம்பைக் கட்டி, நரம்பின் மறு முனையில் ஒரு கல்லைக் கட்டி, புளியமரக் கிளை மேல் வீசினான். மூன்று தடவை தவறி, நாலாவது தடவை விழுந்தது. ஒயரை மேலே இழுத்துத் தொங்கவிட்டு, செட்டில் இருந்த ரப்பர் கொம்பைக் கழற்றிவிட்டு இதை மாட்டினான். மாட்டியதும் அதுவரை இரைச்சலாக இருந்தது பேச்சாக மாறியது. தேனியில் இருந்தவர் குரல் பக்கத்து அறையில் பேசுகிற மாதிரி வந்தது. "கணவாயில் இருக்கிறது யாரு, 67ஆ? உங்களைத்தான் எல்லாரும் வாடிப்பட்டியில் தேடிக்கிட்டு இருக்காங்க." அவர்தான் பிறகு வண்டிக்கு ஏற்பாடு பண்ணினார்.

கோபம் இருந்ததா? இருந்தது. ஆனால் அந்தப் பையன் கிளம்பி டீ குடிக்கக் கூடப் போகவில்லை. போனில் பேசுகிறவர் யாரும் என்னோடு மரத்தடியில் உட்கார்ந்திருக்க முடியாதே.

மொட்டைமாடி ஆண்டெனா
செவ்வாய், மாலை 6:40

டீச்சர், அந்த ஒயரைச் சுருட்டிப் பையில் வைக்கலாம் என்பதால் நாங்கள் சுருட்டு ஆண்டெனா என்போம். ஒன்றரை மீட்டர் இருக்கும். நாம் பயன்படுத்தும் 145 மெகாஹெர்ட்ஸில் அலையின் நீளம் சுமார் 2 மீட்டர். செட்டோடு வரும் ரப்பர் கொம்பு அதற்கு மிகவும் குட்டை, அதிலும் இடுப்பில் செருகி வைத்தால் உடம்பே பாதியைத் தின்றுவிடும். 5 வாட் செட்டை 50 வாட்டாக மாற்றுவதைவிட ஆண்டெனாவை மரத்தில் ஏற்றுவது மலிவு. தம்பிக்கு இது தெரிந்திருந்தது, காலையிலேயே கட்டாமல் விட்டதுதான் குறை. அதைப் போய்ச் சரிபார்க்காதது எங்கள் குறை.

கம்பம் காற்று
செவ்வாய், இரவு 8:02

2004 சுனாமி அன்று ஹாம் நண்பர்கள் அந்தமானில் என்ன செய்தார்கள் என்று தெரிந்தால் யாரும் இப்படிப் பேச மாட்டார்கள்!

மொட்டைமாடி ஆண்டெனா
செவ்வாய், இரவு 8:30

அந்தக் கதையை இங்கே இழுக்க வேண்டாம் தம்பி. டிசம்பர் 26 காலை போர்ட் பிளேரில் ஒரு ஹாம் குழு ஏற்கெனவே நிலையம் போட்டு உட்கார்ந்திருந்தது, எல்லாம் அறுந்தபோது அவர்கள் பேசினார்கள். பெரிய காரியம். ஆனால் அதைச் சொல்லி வாடிப்பட்டி வடைக் கதைக்கு மதிப்பெண் கேட்கக் கூடாது. நாங்கள் இங்கே செய்வது பழம் எண்ணும் வேலை, கடைசி சைக்கிள் எங்கே என்று சொல்லும் வேலை. இதை ஒழுங்காகச் செய்தால்தான் பெரிய வேலை வரும் நாளில் கை நடுங்காது. ஞாயிற்றுக்கிழமை நடுங்கிவிட்டது.

நாலு பார் சிக்னல்
செவ்வாய், இரவு 9:15

சரி, நேர்மையாகப் பேசுகிறீர்கள். என் கேள்வியும் நேர்மையானதுதான். ஒவ்வொருவர் போனிலும் லைவ் லொகேஷன் போட்டால் வரைபடத்தில் 70 புள்ளியும் தெரியும். இதில் ரேடியோவுக்கு என்ன வேலை?

தெப்பக்குளம் டைனமோ
செவ்வாய், இரவு 9:50

போட்டுப் பார்த்தோம். வெயில் ஏற ஏறப் பேட்டரி இறங்கும். மதியம் பெரியகுளத்தில் பாதிப் புள்ளி காணோம். யார் நின்றது, யார் போன் நின்றது என்று பிரிக்க முடியவில்லை. ஆனாலும் உங்கள் யோசனையை விட வேண்டாம் என்கிறேன். முன்னால் போகும் வண்டி, கடைசி வண்டி, குட்டி யானை, இந்த மூன்றுக்கு மட்டும் போடலாம். கார் சார்ஜர் இருக்கும்.

பழைய ராலே
செவ்வாய், இரவு 10:20

அழகர் ஆற்றில் இறங்கும் அன்று கோரிப்பாளையத்தில் நின்று யாருக்காவது போன் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? நாலு பார் காட்டும். போகாது. டவர் இருக்கிறது, சிக்னல் இருக்கிறது, கூட்டம் அத்தனையும் ஒரே நேரத்தில் அதையே பிடித்துத் தொங்குகிறது. பிள்ளையைத் தொலைத்தவர்கள் போனைக் காதில் வைத்துக்கொண்டு போலீஸ் மைக் இருக்கும் பந்தலுக்கு நடந்துதான் போவார்கள்.

நம் பயணத்தில் அவ்வளவு கூட்டம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எனக்கு ரேடியோவில் பிடித்தது வேறு. போன வருடம் தேனியில் இருந்தவருக்கு வத்தலக்குண்டில் என்ன நடக்கிறது என்று தெரியாது. இந்த வருடம் நான் தேனி மேசையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் செட் ஓடிக்கொண்டே இருந்தது. யாரும் எனக்கு என்று ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் உசிலம்பட்டியை எத்தனை பேர் தாண்டினார்கள், கடைசி ஆள் எங்கே, எதிர்க்காற்றா இல்லையா, எல்லாம் காதில் விழுந்தது. எத்தனை இளநீர் வெட்டி வைப்பது என்று அதை வைத்துத்தான் சொன்னேன். டீச்சரைக் கண்டுபிடித்ததும் அப்படித்தான். தேனி நண்பர் "77ஐத் தேடுகிறார்கள்" என்பதைக் கேட்டிருந்தார், கணவாய்த் தம்பி குரலும் கேட்டது, இரண்டையும் சேர்த்துப் பார்த்தார். இரண்டு பேர் போனில் பேசியிருந்தால் மூன்றாவது ஆள் காதில் எப்படி விழும்?

மூணாம் வருஷம் இசிஇ
புதன், காலை 8:00

அண்ணே, எனக்கும் ஆசை. ஆன்லைனில் ஒரு சீன செட் வாங்கி அடுத்த வருடம் உங்களோடு நிற்கலாமா? நண்பர்கள் நாலு பேர் தயார்.

மொட்டைமாடி ஆண்டெனா
புதன், காலை 8:45

வாங்காதீர்கள் தம்பி. முதலில் தேர்வு, அப்புறம் லைசென்ஸ், அதற்கு அப்புறம்தான் செட். லைசென்ஸ் இல்லாமல் அந்தச் செட்டை வைத்திருப்பதே சிக்கல். தொலைத்தொடர்புத் துறையின் கீழ் இருக்கும் டபிள்யூ.பி.சி. பிரிவுதான் தேர்வும் லைசென்ஸும். 12 வயது முடிந்தால் எழுதலாம். ரெஸ்ட்ரிக்டட், ஜெனரல் என்று இரண்டு தரம். ரெஸ்ட்ரிக்டடுக்கு மோர்ஸ் தந்திக் குறி வேண்டாம், கொஞ்சம் மின்னணுவியல், கொஞ்சம் விதிமுறை. இசிஇ படிக்கிறீர்கள், பாதி உங்கள் பாடத்திலேயே இருக்கிறது. தேறினால் வி.யு.3 என்று தொடங்கும் அழைப்புக் குறி வரும். ஆனால் லைசென்ஸ் கைக்கு வரப் பொறுமை வேண்டும். இப்போதே தொடங்குங்கள்.

தெரிந்துகொள்ள இன்னொன்று. இதில் வியாபாரப் பேச்சு கூடாது. கூலி வாங்கக் கூடாது. மற்றவருக்காகச் செய்தி கொண்டுபோவதற்கும் விதியில் கட்டுப்பாடு உண்டு. அதனால்தான் ஏற்பாட்டாளர் கையில் எங்கள் மைக்கைக் கொடுப்பதில்லை, ஸ்பான்சர் பானம் தீர்ந்தது என்று அதில் சொல்வதும் இல்லை. நாங்கள் பார்ப்பதை நாங்கள் பேசிக்கொள்கிறோம், பாதுகாப்புக்கு. நிலையப் பெயர் என்ன வைத்தாலும் அழைப்புக் குறியைச் சொல்லியாக வேண்டும். விதியைப் பற்றி உங்களுக்கு யாராவது "அதெல்லாம் யார் பார்க்கிறார்கள்" என்று சொன்னால் அந்த ஆளிடம் செட் கற்றுக்கொள்ளாதீர்கள்.

குட்டி யானை
புதன், காலை 11:30

வண்டி ஓட்டினவன் பேசுறேன். எனக்கு ரேடியோவும் தெரியாது ஒண்ணும் தெரியாது. வாடிப்பட்டி போய் நின்னு "யாருப்பா விழுந்தது"ன்னு கேட்டா எல்லாரும் என்னையே பாக்குறாங்க. ஒரு பையன் வடையைக் காட்டி "அண்ணே சாப்புடுறீங்களா"ன்னான். அவன்தான் 77ன்னு அப்புறம் தெரிஞ்சது. அடுத்த தடவை வண்டியில ரேடியோக்காரர் ஒருத்தரை ஏத்தி விடுங்க, போதும். பாதி வழியிலேயே திருப்பியிருப்பேன்.

தெப்பக்குளம் டைனமோ
புதன், மதியம் 12:10

இதை எப்படி யோசிக்காமல் விட்டோம்! முதல் ஆள் குட்டி யானையில்.

மலைப்பாதை வளைவு
புதன், இரவு 7:30

ஊர்ப் பெயருக்கு வருவோம். நம் வழியில் எத்தனை பட்டி என்று எண்ணிப் பாருங்கள். உசிலம்பட்டி, ஆண்டிப்பட்டி, தேவதானப்பட்டி, வாடிப்பட்டி. காற்றில் மிஞ்சுவது "பட்டி" மட்டும்தான். போதாக்குறைக்கு வாடிப்பட்டிக்குப் பக்கத்திலேயே ஆண்டிப்பட்டி பங்களா வேறு இருக்கிறது. நிலையங்களுக்குப் புதுப் பெயர் வைக்க வேண்டும். யோசனை சொல்லுங்கள். இரண்டு பெயர் ஒன்றுபோல் ஒலிக்கக் கூடாது, முதல் எழுத்து போனாலும் புரிய வேண்டும்.

பழைய ராலே
புதன், இரவு 7:48

உசிலம்பட்டிக்கு உசிலை. ஊர்க்காரர்களே அப்படித்தான் சொல்வார்கள். ஆண்டிப்பட்டிக்குக் கணவாய். தேவதானப்பட்டிக்கு மஞ்சளாறு, அணை அங்கேதானே இருக்கிறது.

கம்பம் காற்று
புதன், இரவு 7:55

வாடிப்பட்டிக்கு மேளம்!

பழைய ராலே
புதன், இரவு 7:57

அருமை. வாடிப்பட்டி மேளம் கேட்காத காது இந்தப் பக்கம் உண்டா.

மூணாம் வருஷம் இசிஇ
புதன், இரவு 8:03

வத்தலக்குண்டுக்குக் குண்டு?

மொட்டைமாடி ஆண்டெனா
புதன், இரவு 8:06

"குண்டில் இரண்டு பேர் தயார், ஓவர்." ஸ்கேனரில் யாராவது கேட்டால் நம் எல்லோரையும் வேனில் ஏற்றிவிடுவார்கள். வெத்தலை என்று வையுங்கள். ஊர்ப் பெயரே வெற்றிலையிலிருந்து வந்தது என்றுதான் சொல்வார்கள்.

நாலு பார் சிக்னல்
புதன், இரவு 8:20

வெத்தலை என்றால் சோழவந்தான். நான் சோழவந்தான்காரன். ஆட்சேபணையைப் பதிவு செய்கிறேன்.

தெப்பக்குளம் டைனமோ
புதன், இரவு 8:24

சோழவந்தான் நம் வழியிலேயே இல்லையே சார்.

நாலு பார் சிக்னல்
புதன், இரவு 8:26

அதுவும் ஒரு ஆட்சேபணைதான்.

பாம்பன் தெற்கு
புதன், இரவு 9:00

ராமநாதபுரத்திலிருந்து வருகிறவன். கணவாய் என்றால் எங்களுக்கு மீன். "கணவாய் விழுந்துவிட்டது" என்று கேட்டால் எடுத்துக் குழம்பு வைக்கச் சொல்வேன். மற்றபடி நல்ல பெயர்.

மொட்டைமாடி ஆண்டெனா
ஞாயிறு, இரவு 8:15

இன்று காலை சைக்கிள் இல்லாமல், ரேடியோ மட்டும் வைத்து ஒரு ஒத்திகை பார்த்தோம். ஆறு பேர். அந்தக் கணவாய்த் தம்பியும் வந்திருந்தான். வரமாட்டான் என்று நினைத்தேன். அவனுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை, ஆனால் அவன் ஒவ்வொரு தடவையும் பொத்தானை அழுத்தி, மனசுக்குள் ஒன்று எண்ணி, அப்புறம்தான் பேசினான். நமக்கே பொறுமை போகும் அளவுக்கு.

கண்டது: சுருட்டு ஆண்டெனா மரத்தில் இருந்தால் கணவாயின் உச்சியிலிருந்து மலைப்பாதைக் காருக்குத் தெளிவாகப் போகிறது. ரோடு பாறைக்கு நடுவில் இறங்கும் இடத்தில் எந்த ஆண்டெனா போட்டாலும் போகவில்லை. ஆகவே அங்கே நிற்கக் கூடாது, ஐம்பது அடி ஏறி நிற்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்க வாட் வேண்டாம், கால் வேண்டும். காருக்குள் பொரிப் பொட்டலம் வைக்கக் கூடாது என்பதையும் தீர்மானமாக எழுதிவிட்டோம். ஆண்டெனாவைக் கயிற்றால் கட்டியும் விட்டோம்.

எண்ணை இனி முழுதாகச் சொல்வதில்லை. தனித்தனி இலக்கம். "ஆறு, ஏழு." கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும், சொன்னவர் "சரி" என்றால்தான் தாளில் ஏறும். கேட்காத எழுத்தை யாரும் நிரப்பக் கூடாது. "டிப்பட்டி" என்று கேட்டால் "டிப்பட்டி" என்றே எழுத வேண்டும்.

தெப்பக்குளம் டைனமோ
ஞாயிறு, இரவு 9:05

எங்கள் பக்கம்: சின்னச் சுற்று எண்கள் 71இல் தொடங்காமல் 201இல் தொடங்கும். துணி எண் அட்டையும் வேறு நிறம், சின்னச் சுற்றுக்கு மஞ்சள். "மஞ்சளா வெள்ளையா" என்று கேட்டாலே பாதிக் குழப்பம் போய்விடும். ஒவ்வொரு ரேடியோ நண்பரோடும் அந்த வழி தெரிந்த சைக்கிள்காரர் ஒருவர் இருப்பார், டீ வாங்கவும் பழம் வாங்கவும் அவர் போவார், ரேடியோவை விட்டு ரேடியோக்காரர் நகரக் கூடாது. போனும் உண்டு. நாலு பார் சிக்னல் சார் மூன்று வண்டிக்கும் லைவ் லொகேஷன் பார்த்துக்கொள்வதாக ஒத்துக்கொண்டிருக்கிறார்.

நாலு பார் சிக்னல்
ஞாயிறு, இரவு 9:12

ஒத்துக்கொண்டது லொகேஷனுக்கு மட்டும். ரேடியோவைப் பற்றி என் கருத்து அப்படியே இருக்கிறது. மொட்டைமாடியில் ஓஎம் பக்கத்தில் எனக்கு ஒரு நாற்காலி போடுங்கள், லேப்டாப்பும் தாளும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறேன்.

புளியமரத்தடி 67
ஞாயிறு, இரவு 9:40

புது ஹேங்கர் வந்துவிட்டது, மாட்டியாச்சு. அடுத்த வருடமும் வருகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள், எனக்கு 67 வேண்டாம். 11 கொடுங்கள். பதினொன்றை யாரும் வேறு எண்ணாகக் கேட்க முடியாது.

மொட்டைமாடி ஆண்டெனா
ஞாயிறு, இரவு 9:51

டீச்சர், கோபித்துக்கொள்ளாதீர்கள். தனித்தனியாகச் சொன்னால் "ஒன்று, ஒன்று" என்று வரும். நான் அதைத் திருப்பிச் சொல்கிறார்கள் என்று நினைத்து முதலாம் எண் ஆளைத் தேனியில் தேடுவேன். 38 எடுத்துக்கொள்ளுங்கள்.